மாமியின் மடி மிக்ஸி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் ஒரு டியூஷன் சென்டரின் கீழ் ஹாலில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் ரிப்பேரான சாமான்களைச் சரிசெய்து கொடுக்கிறோம். காசு வாங்குவதில்லை. நான் காட்டூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். ஃபேன், அயர்ன் பாக்ஸ் என் பொறுப்பு. டவுனில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பாய் மிக்ஸி, கிரைண்டர் பார்ப்பார்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். சாமானுக்குச் சொந்தக்காரர் கூடவே உட்கார்ந்து தானும் கை வைக்க வேண்டும். கோபத்தில் நான் போட்ட சட்டம் அது. ஆரம்பத்தில் "பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துடறேன்" என்று டேபிள் ஃபேனை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெருமாள் சீக்கிரம் அனுப்பினாலும் வழியில் பார்க்கும் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். சாயங்காலம் வரை நாங்கள் அந்த ஃபேனுக்குக் காவல். ஒருநாள் கத்தினேன். அன்றிலிருந்து சட்டம்.

போன வருஷம் ஒரு மடிசார் மாமி மிக்ஸியை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். பாய் கை நீட்டினார். மாமி ஓர் அடி பின்னால் போனார்.

"தொடாதீங்கோ. இது மடி மிக்ஸி. வெங்காயம், பூண்டு பட்டதில்லை. நீங்க வாயால சொல்லுங்கோ, நான் பண்றேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தத் தொடாதே விவகாரம் எனக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. "அப்படின்னா வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

பாய் முந்திக்கொண்டார். "அண்ணே, உங்க சட்டப்படி நடக்கிற மொத ஆளு இவங்கதான். விடுங்க."

ஹாலே சிரித்தது. நான் வாயை மூடினேன்.

மாமி விஷயத்தைச் சொன்னார். மகளுக்குக் குறைமாதத்தில் பிரசவம். குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. நல்லபடியாக வீடு வந்தால் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டார். குழந்தை வந்துவிட்டது. மறுநாள் காலையில் வடைமாலை சாத்த வேண்டும், உளுந்து அரைக்க மிக்ஸி இல்லை.

"பக்கத்து ஆத்துல கேக்கலாம். ஆனா அவா பூண்டு அரைப்பா."

மிக்ஸியைப் போட்டுக் காட்டினார். மோட்டார் அலறியது, ஜார் சுற்றவில்லை. ஜாரைத் தூக்கியதும் தெரிந்தது: அதைச் சுற்றவைக்கும் கப்ளர் பல் தேய்ந்து மொழுக்கென்றிருந்தது. புதுக் கப்ளர் எங்கள் டப்பாவில் இருந்தது. பழசைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் மோட்டார் தண்டை ஸ்க்ரூ டிரைவரால் அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மேலே பிளையரால் திருக வேண்டும்.

மாமி என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாய் சொன்னார், "மாமி, நான் ஸ்க்ரூ டிரைவரத் தொடுறேன். ஸ்க்ரூ டிரைவர் மிக்ஸியத் தொடுது. நான் தொடலையே?"

மாமி யோசித்தார். "அது சரி."

மாமி பிளக்கைப் பிடுங்கி மிக்ஸியைப் படுக்கப்போட்டார். பாய் அடியில் ஸ்க்ரூ டிரைவரால் முட்டுக் கொடுக்க, மாமி பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் திருகினார்.

"அய்யோ, எதிர்ப்பக்கம் மாமி! இதுக்கு மரை தலைகீழ். நீங்க இறுக்குறீங்க!"

"முன்னாடியே சொல்லப்படாதோ?"

"நீங்க கேட்டீங்களா?"

வலப்பக்கம் திருகினார். அசையவில்லை. மிக்ஸி வழுக்கி மேஜையில் சுற்றியது. இரண்டாவது தடவையும் அப்படியே. மாமியின் நெற்றியில் வியர்வை. கண் கலங்கிவிட்டது. குழந்தைக்கு வேண்டிக்கொண்டது தவறிவிடுமோ என்ற பயம் அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. என் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியது.

சட்டென்று மாமி சத்தம் போட்டார். "என்ன பாத்துண்டிருக்கேள்? இன்னொரு கையால மிக்ஸியைப் பிடிங்கோ!"

பாய் திகைத்தார். "தொடலாமா?"

"கடையில யார் யார் தொட்டாளோ. ஆத்துக்கு வந்தப்புறம்தானே மடி ஆச்சு? போய் ஜலம் விட்டுத் துடைச்சாப் போறது. பிடிங்கோ!"

பாய் அணைத்துப் பிடித்தார். மாமி ஒரே திருகு. டக்கென்று விட்டது. மாமி பிளையரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார், கோப்பை வாங்கியவர் மாதிரி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான். புதுக் கப்ளரை அவரே போட்டார். ஜார் சுற்றியது.

"ஜலத்தை மேல ஊத்திடாதீங்க மாமி, மோட்டார் போயிடும். ஈரத்துணி போதும்" என்று பாய் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அடுத்த மாதம் மாமி வந்தார். வடைமாலை நல்லபடியாகச் சாத்தியாகிவிட்டது. மகள் குழந்தையோடு வாசலில் நின்றாள். குழந்தை கொட்டாவி விட்டது. மாமி எங்களுக்கென்று தனியாகத் தட்டிய மிளகு வடையை ஒரு டப்பா நிறைய நீட்டினார். ஆஞ்சநேயர் வடை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. நான் கடித்துப் பார்த்துவிட்டுக் கடைவாய்க்கு மாற்றினேன்.

பாய் ஒன்றை மேஜையில் தட்டினார். டொக் டொக்.

"மாமி, இதைக் கப்ளராப் போட்டா ஆயுசுக்கும் தேயாது."

"அதுக்குத்தான் குடுத்தேன். ஸ்பேரா வெச்சுக்கோங்கோ" என்றார் மாமி. சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒருத்தி மிக்ஸியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து பிளையரைக் கையில் எடுத்துக்கொண்டார். "எதிர்ப்பக்கம் திருகணும், தெரியுமோ?"