செக் மொழியில் எழுதிய அனுதாப அட்டை

நோர்வேஜிய மொழியில் 'சோர்கெ' என்றால் துக்கப்படுவது. அதன் பின்னால் 'ஃபொர்' என்ற சின்னச் சொல் வந்துவிட்டால், ஒரு வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்வது. நோர்வேக்கு வந்த புதிதில், வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில், கோப்பிக்குத் தானே 'சோர்கெ ஃபொர்' செய்வதாக மேற்பார்வையாளர் சொன்னார். ஒரு கோப்பிக்காக இந்த மனுசன் ஏன் துக்கம் காக்க வேண்டும் என்று மீனும் கத்தியுமாக விழித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஏமாந்தது நான் மட்டும். பல வருடங்களின் பின் ஒஸ்லோவில், ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியையே சேர்த்து மாட்டிவிட்டேன்.

அங்கே என்னோடு படுக்கை விரிப்பு மடித்தவள் யானா. செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு வேலை தேடி வந்தவள். நலம் கேட்டால் சொல்லும் ஒரு வரிக்கு மேல் நோர்வேஜியம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. என்னோடு உடைந்த ஆங்கிலத்தில் பேசுவாள். ஒருநாள் அவளுடைய அப்பா இறந்துபோனார். அவள் ஊருக்குப் போயிருந்த வாரம், எங்கள் மேலாளர் இங்கர் ஒரு வெள்ளை அட்டை வாங்கிவந்து, "அவளோடு பேசுகிறவர் நீங்கள்தானே, நீங்களே எழுதுங்கள்" என்று என்னிடம் தந்தார்.

அவளுடைய மொழியிலேயே எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. எல்லிங்ஸ்ருட்டில் உள்ள எங்கள் வீட்டில் கணினியைத் திறந்து, துக்கப்படுவதற்கான 'கிரீவ்' என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் தட்டினேன். செக் சொற்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று 'திராபிட் சே'. 'நாங்கள்' என்றால் அது எப்படி மாறும் என்பதற்கு அட்டவணையும் இருந்தது. 'நாங்கள் எல்லோரும் உனக்காகத் துக்கப்படுகிறோம்' என்று சொற்களைக் கோத்தேன். மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இதென்னப்பா, சே? தேப்பனைப் பறிகுடுத்திட்டு நிக்கிற பிள்ளைக்கு ஆராவது 'சே' எண்டு எழுதுவினமோ?"

"அது அவையின்ரை சொல்லப்பா."

"ஆற்றை சொல்லெண்டாலும் செத்த வீட்டுக்குச் சரியில்லை. வெட்டிவிடுங்கோ."

எனக்கும் அது உறுத்தியது. வெட்டிவிட்டேன். மறுநாள் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். இங்கர் தன் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இதயமும் வரைந்தார்.

யானா திரும்பி வந்த காலை, உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அட்டையைப் பிரித்தாள். ஒருமுறை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாள் என்று நாங்கள் தலையைக் குனிந்தோம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதை யார் எழுதினது?"

எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின.

"'நாங்கள் எல்லோரும் உன்னை வதைக்கிறோம்' என்று இருக்கிறது. கீழே எல்லோருடைய கையெழுத்தும்!"

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு முகமாம்: தான் துக்கப்படுவது, அடுத்தவரைத் துக்கப்படுத்துவது. நாங்கள் வெட்டியெறிந்த 'சே'தான் துக்கத்தைத் தன் பக்கம் திருப்பும் சொல்லாம். அது இல்லாவிட்டால் அடி மற்றவருக்கு. நான் இதை நோர்வேஜியத்தில் விளக்கி முடித்ததும் இங்கரின் முகம் சிவந்தது. அவர் காதில் விழுந்தது 'வதைக்கிறோம்' மட்டும்தான். "வேலை அட்டவணையைத்தான் சொல்கிறீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த நாளே வேலைச் சூழல் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்.

அட்டையைப் பிரித்த அன்று, எல்லோரும் கலைந்த பிறகு, யானாவின் சிரிப்பு உண்மையிலேயே அழுகையாகிவிட்டது. துக்கத்தில் இருப்பவரைத் தனியே விடுவது இங்கே மரியாதை. தமிழர் நாங்களோ போய் நின்று கேட்போம். அதற்குப் பெயரே துக்கம் விசாரிப்பது. விரிப்பின் ஒரு முனையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "அப்பாவுக்கு என்ன நடந்தது? கடைசியாக என்ன சொன்னார்?"

அவள் ஆங்கிலத்தில் தொடங்கி, எங்கேயோ ஓரிடத்தில் செக் மொழிக்குள் போய்விட்டாள். நான் "ஓம், ஓம்" என்று ஆமாம் போட்டேன். நான் பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் திருகோணமலையில் என் அப்பா இறந்தார். ஊருக்குப் போக வழியில்லை. அன்றும் வேலைக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இதையெல்லாம் நான் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது, யானா "அனோ, அனோ" என்று தலையாட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர்கள் மொழியில் அதுதான் ஓம்.

இங்கர் கதவுக்குள் தலையை நீட்டி, எல்லாம் சரியா என்று கேட்டார். விரிப்பின் இரு முனைகளையும் பிடித்தபடி, கண்ணைக்கூடத் துடைக்காமல், நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சுத்தமான நோர்வேஜியத்தில் பதில் சொன்னோம்: "தெ கோர் ப்ரா." எல்லாம் நன்றாகப் போகிறது.