குளிர்மலை மூங்கிலுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் தண்ணீர் குடித்தது ஒரு மூங்கில். சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு இன்றும் சிரிப்பு வருவதில்லை.

அப்பா கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். மாணவர்களோடு கொடைக்கானலுக்குப் போனவர், சோலைக்காட்டிலிருந்து அதைக் கிழங்கோடு பெயர்த்து, ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து திண்டுக்கல் நாகல் நகர் வீட்டுக் கொல்லையில் நட்டார். மூங்கில் என்றதும் பந்தக்கால் கனத்துக்கு நினைத்துவிடக் கூடாது. விரல் தடிமன், ஆள் உயரம், அவ்வளவுதான். கணுக்கள் வீங்கினாற்போல் புடைத்திருக்கும். குருத்தைப் பொதிந்த உறையில் பொடி மயிராகச் சுனை; தொட்டால் அரிக்கும். அப்பா இலையை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டுவார். நீள நரம்புகளுக்குக் குறுக்கே பொடி நரம்புகள் ஓடி, கொசுவலை போலக் கட்டம் கட்டமாகத் தெரியும்.

"கீழ்நாட்டு மூங்கில்ல இம்புட்டுத் தெளிவாத் தெரியாது. குளிர் தாங்குற சாதிக்குத்தான் இந்தக் கட்டம்" என்பார்.

குளிரைத் தாங்கும், சரி. திண்டுக்கல் வெயிலை?

பங்குனி பிறந்ததுமே இலை நுனிகள் கருகின. பிறகு இலைகளே குழலாகச் சுருண்டன. வேர் காயக் கூடாதென்று அப்பா காலையும் மாலையும் ஒரு குடம் ஊற்றினார். கிணறு வற்றிப்போயிருந்தது. தெருக்குழாயில் காலையில் சற்று நேரம்தான் தண்ணீர் வரும். அதைச் சுமந்தவள் அம்மா. அவள் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. நானும் என் இடுப்புக்கு ஏற்ற குடம் ஒன்றைத் தூக்குவேன். அப்பா குழாயடிக்கு வந்ததே இல்லை. வாத்தியார் குடம் தூக்கினால் தெரு என்ன சொல்லும்!

எதிர்வீட்டுக்காரி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "ஏத்தா, வகுத்துப் புள்ளையோட எத்தனை நடைதான் நடப்ப? மூங்கிலும் புல்லு சாதிதானாம்ல. ஒரு புல்லு செத்தாத்தான் என்ன?"

"அவுக ஆசையா வச்சது" என்றாள் அம்மா.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு காலை, மூன்றாவது நடையில், குழாயடிப் பாசி வழுக்கி அம்மா விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்துத்தான் பிறந்தது. ஆண் பிள்ளை. அப்பா துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். குளித்தார், சட்டை மாற்றினார், விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் வைதேன்.

வீடு திரும்பிய அம்மா குடத்தைத் தொடவில்லை. அப்பாவும் கேட்கவில்லை, கொல்லைப் பக்கமே போகவில்லை. பத்தே நாளில் மூங்கில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மண்வெட்டியோடு போய்க் கிழங்கைத் தோண்டினார். கத்தியால் கீறிப் பார்த்தார். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைக்கு வராத கண்ணீர் இதற்கு வருகிறதா என்று கத்த வாயெடுத்தேன். பின்னால் வந்து நின்ற அம்மா என் தோளை அழுத்தி நிறுத்தினாள்.

"அழுதுருங்க" என்றாள் அவரிடம். "புள்ளைக்கும் சேத்து அழுதுருங்க."