இரண்டு கரண்டிக் கஞ்சி

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது தஞ்சோங் காராங்கில் சாலையோரமாக எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. என் கணவர்தான் சமையல். சில மாதங்களாகவே அவருக்கு மேல்வயிற்றில் வலி. "கேஸ்ட்ரிக் லா, நேரத்துக்குச் சாப்புடாம வர்ற வயித்து வலி" என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

கோலாலம்பூரில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். புற்றுநோய் இருந்தால் சிலருக்கு ரத்தத்தில் கூடுகிற ஏதோ ஒன்று, இவருக்குக் கூடவில்லையாம். "ஆனாலும் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்துவிடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. கடைக்கு வந்ததும் "ரத்தம் சுத்தம்!" என்று எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குழாய் என்றாலே அவருக்குக் குலை நடுங்கும். நான் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

பிறகு நோன்பு மாதம் வந்தது. கேஸ்ட்ரிக் உள்ளவர்கள் பகலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தவிப்பார்கள். மாலையில் கஞ்சி குடித்து நோன்பு திறந்தால் அடங்கிவிடும். இவரோ பகலெல்லாம் நன்றாக இருந்தார். கஞ்சி குடிக்கும்போதுதான் முகம் சுருங்கியது. கிண்ணம் நிறையக் குடிக்கிற மனுஷன், இரண்டு கரண்டியிலேயே போதும் என்று ஒதுக்கினார். தினமும் இதே கதை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் மாலை, பள்ளிவாசலில் பாங்கு சொல்லியாயிற்று. நான் பேரீச்சம்பழத்தை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"நோன்பு தொற புள்ள, நேரமாவுது."

"கொழா விட்டுப் பாக்க வர்றேன்னு சொல்லுங்க மச்சான். அப்பத்தான் தொறப்பேன்."

நோன்பு திறப்பதைத் தாமதிக்கக் கூடாது என்பதில் அவர் ரொம்பக் கறார். முறைத்தார், கத்தினார். கடைசியில், "சரி, வர்றேன். மொதல்ல வாயில போடு" என்றார். நான் அழுதுகொண்டேதான் தின்றேன்.

ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். நோன்பு மாதத்தில் அது ஒன்றுதான் சுலபம். உள்ளே சின்னதாக ஒரு புண். துளி சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. இந்த நிலையில் பலருக்கு ரத்தத்தில் தெரியாது, அதனால்தான் அன்றே குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னேன் என்றார் டாக்டர். வயிற்றில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

இன்றும் அவரால் அரைக் கிண்ணம் கஞ்சிதான் முடியும். அதை வழித்துக் குடித்துவிட்டு, உப்பு பத்தவில்லை என்று என்னைக் குறை சொல்வார். சொல்லட்டும். நல்ல சேதி என்று யார் எதைச் சொன்னாலும், அடுத்து ஒரு 'ஆனாலும்' வருகிறதா என்று நான் இப்போதும் காத்திருந்து கேட்கிறேன். என் கணவரின் உயிர் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால்தான் இருந்தது.