பெரியப்பாவின் மூன்று நாள் நடை

"கொசுகூடத்தான் ரத்தம் எடுக்குது. அது எந்தக் காலேஜ்ல படிச்சுது?"

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேரப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று பெரியப்பா இப்படித்தான் கேட்டார். வீடே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, உள்ளே போய் விண்ணப்பத்தை நிரப்பினேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் யாரையும் கேட்காமல் நிரப்பினேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

பெரியப்பா மாடம்பாக்கத்தில் விவசாயம் பார்த்தவர். நிலமெல்லாம் மனைகளான பிறகு, மிச்சமிருந்த துண்டில் நான்கு கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார். நாள் முழுக்க வரப்பில் நடந்த மனிதர் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய தம்பியான என் அப்பா நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனார். அதன்பின் என்னையும் அம்மாவையும் தாங்கியவர் பெரியப்பாதான். அதனால் சேலையூரில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்த முதல் மாதமே அவரை இழுத்து வந்து ஊசி குத்தினேன். ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு எகிறிக் கிடந்தது. நல்ல கொழுப்பு இருக்க வேண்டியதைவிடக் குறைவு, கெட்ட கொழுப்பு அதிகம். தினமும் வேர்க்க நடக்க வேண்டும், வாயைக் கட்ட வேண்டும், மூன்று மாதம் கழித்துப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தீர்மானிக்கலாம் என்றார் டாக்டர்.

காலையில் நான் போன் செய்யும்போதெல்லாம், "ஏரி வரைக்கும் போய்ட்டு வந்துகினு கீறேம்மா" என்பார் பெரியப்பா. பின்னால் டீ ஆற்றும் சத்தம் கேட்கும். வழியில் உள்ள கடையாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். ட்ரைகிளிசரைடு இறங்கியிருந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் நல்ல கொழுப்பு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முடிவைச் சொல்லலாமென்று வெளியே வந்தபோது, அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். இரண்டு குதிகாலிலும் புத்தம்புதுக் கொப்புளங்கள். மூன்று மாதம் நடந்த காலில் நேற்றைய கொப்புளம் எப்படி வரும்?

"மூணு நாளு நடந்தேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "காலைல ஒரு வாட்டி, சாயந்தரம் ஒரு வாட்டி, கேம்ப் ரோடு வரைக்கும். நீ மட்டும் இன்னா, பரீட்சைக்கு முந்தின நாளுதானே படிப்ப?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். ட்ரைகிளிசரைடு சட்டென்று மசியும் சாதி. நேற்று நடந்தால் இன்று கொஞ்சம் இறங்கிக் காட்டும், நடையை நிறுத்தினால் திரும்ப ஏறிவிடும். நல்ல கொழுப்பு அப்படியல்ல. மாதக்கணக்கில் நடந்தால்தான் அசையும், அதுவும் சிறிதளவே. கெட்ட கொழுப்போ நடையை மட்டும் நம்பி அவ்வளவாகக் குறையாது. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவர், கடைசியில் ஒன்றைத்தான் கேட்டார்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுவியா?"

சொல்லாவிட்டால் அந்தத் தாளை நம்பி மாத்திரை தள்ளிப்போயிருக்கும். அப்பாவை நினைத்துக்கொண்டேன். சொல்லிவிட்டேன். மாத்திரை வந்தது, பெரியப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் அவரே போன் செய்தார். மூச்சு இரைத்தது. டீ ஆற்றும் சத்தத்துக்குப் பதிலாக ஏரிப் பறவைகளின் சத்தம்.

அதற்கடுத்த பரிசோதனையில் நல்ல கொழுப்பு மூன்று புள்ளி கூடியிருந்தது. "மூணு மார்க்கு ஜாஸ்தி" என்று தன் கடைக்காரர்கள் நால்வரிடமும் தாளைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பன் ரத்தந்தானே உன் ஒடம்புலயும் ஓடுது? உன்னுத எப்ப பாத்த?"

ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்க்கிற நான், கூப்பிடு தூரத்துக்கும் ஸ்கூட்டரில் போகிற நான், என்னுடையதைப் பார்த்ததே இல்லை. வேறென்ன, பயம்தான்.

இன்று காலை வெறும் வயிற்றோடு வந்து, கூட வேலை செய்யும் அக்காவிடம் கையை நீட்டினேன். நேற்று அவசரமாக நாலு தெரு நடந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. நடக்கவில்லை. உள்ளது உள்ளபடி தெரியட்டும். "கைய நல்லா மூடிக்கோ" என்றார் அக்கா. மூடிக்கொண்டேன். என் பெயர் ஒட்டிய குழாய் இப்போது இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.