காளைக்காக எடுத்த கல்

என் மனைவி சாரத்திலிருந்து விழுந்தது காரைக்குடியில். ஒரு பெரிய வீட்டில் மச்சுப் பூச்சு வேலை நடந்தது, சித்தாளாகப் போயிருந்தாள். கயிறு அவிழ்ந்து சாரம் சரிந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. அதுவரை நான் எந்த ஊரிலும் நிலைத்தவன் இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரியில் கிளீனராகவும் ஓட்டலில் இலை எடுப்பவனாகவும் திருச்சி, சேலம், பெங்களூர் என்று திரிந்தவன். அவள் விழுந்தபிறகு அங்கேயே தங்கிவிட்டேன்.

அரிசி ஆலைக்குப் பின்னால், தகரம் போட்ட அறை ஒன்றில் குடியிருந்தோம். விடிவதற்கு முன்பே நான் மண்டிக்கு மூட்டை தூக்கப் போய்விடுவேன், திரும்ப இருட்டிவிடும். இடையில் அவளை ஒதுங்கவைக்க ஆள் கிடையாது. அதனால் பகலில் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. சித்திரை வெயிலில், தகரத்துக்கு அடியில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடப்பாள். காய்ச்சல் வந்தது. மூத்திரத்தில் ரத்தம் போனது. தண்ணீர் குடித்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னார். யார் இவளை வெளியே கூட்டிப்போவது என்பதற்கு அவரிடமும் வழி இல்லை.

ஓர் ஆசாரியிடம் சொல்லி, கால் நீட்டி உட்காருகிற மாதிரி பலகை வண்டி ஒன்று செய்தேன். பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்குகள்தான் சக்கரம். மண்டிக்குப் போகிற வழியில், சந்தைக்கு எதிரே இருந்த பொட்டலில், ஒரு வாகை மரத்தடியில் அவளை விட்டுப் போவேன். மானகிரி, அமராவதிபுதூர் பக்கமிருந்து காய்கறி கொண்டுவரும் பெண்கள் அங்கேதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். இவள் பழைய பேப்பரில் கடைகளுக்குப் பை ஒட்டிக்கொண்டு இருப்பாள். அவசரம் என்றால் யாராவது ஒருத்தி வண்டியைக் கருவேலம் புதருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய், முந்தானையை விரித்து மறைத்து நிற்பாள். பகலில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள்.

"ஒம்புருசன் ஒன்னயக் கொண்டாந்து எறக்குறதப் பாத்தா, சந்தைக்கு வாழத்தாரு வந்த மாதிரி இருக்குடி" என்று ஒரு கீரைக்காரி தினமும் கேலி பண்ணுவாள்.

"தாருன்னா இன்னேரம் எவனாச்சும் கேட்டு வாங்கியிருப்பான். என்னய எவன் கேட்டான்?" என்பாள் இவள்.

அந்தப் பொட்டலைத்தான் பூங்கா ஆக்கினார்கள். ஊரில் வசதியானவர்கள் சிலர் கமிட்டியாகச் சேர்ந்து செய்த காரியம். நல்ல காரியம்தான். புதரை வெட்டி, குழாய் போட்டு, சிமெண்ட் பெஞ்சு கட்டி, ரேடியோவுக்கு ஓர் அறை கட்டினார்கள். பெண்களுக்கென்று ஒரு கக்கூஸும் கட்டினார்கள். 'பொதுமக்கள் அனைவருக்கும்' என்று பலகை எழுதி மாட்டினார்கள். அதைப் பார்த்து என் மனைவி அளவுக்குச் சந்தோசப்பட்டவர்கள் அந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்கள். கக்கூஸ் வேலை நடக்கும்போது அதன் எதிரிலேயே வண்டியை நிறுத்தச் சொல்வாள்.

"உள்தாப்பா வச்ச கதவுங்க. வாசல்ல படியே இல்ல. வண்டியோட நேரா உள்ள போயிரலாம்" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். படி வைக்காதது கொத்தனாரின் மறதி. அவள் அதை எனக்கு எடுத்துச் சொன்ன விதத்தைப் பார்த்தால் அவளைக் கேட்டுக் கட்டியது போல இருந்தது.

வாசல் வேலையைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். சுற்றிலும் நெஞ்சளவு சுவர். வாசலில் கதவு போடவில்லை. கருங்கல் தூண்களை முன்னும் பின்னுமாக நட்டுவிட்டார்கள். ஓர் ஆள் உடம்பைத் திருப்பி, நெளிந்து போகலாம். மாடு போகாது. எங்கள் வண்டியும் போகாது.

எல்லாம் ஒரு கோயில் காளைக்காக. எங்கள் பக்கம் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளையை மஞ்சுவிரட்டு அன்றைக்குத்தான் பிடிக்கப் பார்ப்பார்கள். மற்ற நாளில் அது தன் இஷ்டத்துக்கு ஊரைச் சுற்றும். கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. கடையில் வாய் வைத்தால்கூட, "போதும், போ சாமி" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். உள்ளே வந்தபிறகு விரட்ட முடியாத மாட்டை வரவிடாமலே செய்துவிடுவது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கற்களுக்கு நடுவே நுழைந்து பார்த்தேன். அவள் முழங்கால் கல்லில் உரசித் தோல் உரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை, என் வேட்டியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் இருவருக்கும் தெரிந்தது. அடுத்த நாள் மண்டி ஆட்களைக் கூட்டிவந்து சுவருக்கு மேலே கைமாற்றினோம். சேலை விலகியது. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பார்த்தது. "இனிமே இது வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு சுவருக்கு வெளியே, வெயிலில் உட்கார்ந்தாள். பெண்கள் எல்லாரும் உள்ளே, மரத்தடியில். வெளியே புதர் இல்லை. உள்ளே இருந்து அவர்கள் சிரிக்கிறது கேட்கும். அவள் மறுபடியும் தண்ணீரை நிறுத்தினாள். மறுபடியும் காய்ச்சல்.

கமிட்டிக்காரர் ஒருவர் தினமும் சாயங்காலம் பார்வையிட வருவார். கூலி வேலைக்குப் போகாமல் ஒரு நாள் அவருக்காக நின்றேன்.

"ஐயா, ஒரு கல்லத் தள்ளி நட்டாப் போதும். வண்டி போயிரும்."

"வண்டி போனா மாடும் போகும்ப்பா."

"மாடு வந்தா நான் வெரட்டுறேங்கய்யா."

"கோயில் மாட்டையா? நீ அத வெரட்டு, ஊரு ஒன்னய வெரட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தருக்காக வாசலத் தெறந்தா, நாளைக்குப் பூராவும் சாணியாக் கெடக்கும். நீயே சொல்லு" என்றார். 

ஐப்பசியில் ஒரு காலை, காளை உள்ளே நின்றது. அன்றைக்கு நான் மண்டிக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டேன். செடிகளுக்கு அடிக்க வண்டி வண்டியாக எரு கொண்டுவந்து பின்சுவரை ஒட்டி வெளியே குவித்திருந்தார்கள். அதன்மேல் ஏறி உள்ளே குதித்திருக்கிறது. உள்ளே குவியல் இல்லை; வெளியே வர வழி இல்லை. கல்வாழையை மேய்ந்துவிட்டு, பெண்கள் கக்கூஸ் வாசலில் படுத்து அசைபோட்டது. பருத்திக்கொட்டையைக் காட்டினார்கள். ஏறி வரட்டும் என்று சுவரில் பலகையைச் சாய்த்து வைத்தார்கள். அது எழுந்திருக்கக்கூட இல்லை. வெயில் ஏறியதும் அந்தக் கோயில் காரியங்களைப் பார்க்கும் ஊர் அம்பலம் ஆட்களோடு வந்தார்.

"சாமி மாடு தண்ணியில்லாமக் கெடக்கு. நீங்க கல்லக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீக. எடுக்குறீகளா, நாங்க எடுக்கவா?"

கமிட்டிக்காரர் உடனே ஆள் அனுப்பினார். கடப்பாரை வந்தது. இரண்டு தூண்களைப் பெயர்த்துப் போட்டார்கள். காளை மெதுவாக எழுந்து, மாலை மரியாதையோடு வெளியே போனது. அது கடக்கும்போது கமிட்டிக்காரர் அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கூட்டம் காளையின் பின்னால் போனதும், "இப்பத் தள்ளுங்க" என்றாள் என் மனைவி.

தள்ளினேன். வண்டி தடையில்லாமல் உள்ளே போனது. கீரைக்காரி ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். கக்கூஸ் கதவு மூடியதையும், உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்ததையும் நான் தூரத்தில் நின்று கேட்டேன். திரும்பி வந்து குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். மரத்தடியில் உட்கார்ந்து, பொழுதுக்கும் பேசிக்கொண்டே பை ஒட்டினாள்.

சாயங்காலம் கொத்தனார் சிமெண்டோடு வந்தார். பூங்காக் காவல்காரன் அவளிடம், "ஆத்தா, வெளிய வா. கல்லு நடணும்" என்றான்.

"நடுங்க. நான் என்ன கையப் புடிச்சா வச்சிருக்கேன்?"

"நட்டுட்டா நீ எப்பிடி வெளிய போவ?"

"காளை எப்பிடிப் போச்சு?"

அவள் காலையிலிருந்தே இதைத்தான் யோசித்து வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்காகவும் இடிக்கட்டும் என்று உள்ளே இருக்கிறாள். "நடுங்கண்ணே" என்று நானும் கொத்தனாரிடம் சொன்னேன்.

கமிட்டிக்காரர் வந்தார், விஷயத்தைக் கேட்டார், நடச் சொன்னார். நட்டு, சிமெண்ட் பூசி முடிகிறவரை நின்றார். பிறகு அவளிடம் வந்தார். குரலில் கோபமே இல்லை.

"காளையத் தூக்க முடியாது தாயி. அதான் இடிச்சோம்."

 அவளைத் தூக்க ஆட்கள் வந்தபோது, "பொம்பளைக தூக்கட்டும்" என்றாள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். இடுப்பளவு தூக்கினார்கள். அதற்கு மேலே சுவர் இருந்தது. "முடியலடி" என்று கீரைக்காரி அழுதாள். கடைசியில் ஆண்கள்தான் தூக்கினோம். தலைப்பக்கம் நான் பிடித்திருந்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள், "அந்த எருவ மறுபடியும் கொண்டாந்து குமிச்சா, காளை திரும்ப ஏறும்ல?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். குவியலை அள்ளிவிட்டிருந்தார்கள். சுவரின் மேல் வரிசையாக உடைந்த பாட்டில் துண்டுகளைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். வந்து சொன்னேன்.

ஊரை விட்டுப் போகலாம் என்று எப்போதும் சொல்கிறவன் நான். வேண்டாம் என்கிறவள் அவள். அன்றைக்கு அவளே கேட்டாள். "நீங்க சுத்தின ஊர்ல, வண்டியோட நொழையிற மாதிரி பொம்பளைக கக்கூசு எங்கனயாச்சும் இருக்கா?"

திருச்சி, சேலம், பெங்களூர் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுகளில் தூங்கியிருக்கிறேன், ரயிலடிகளில் வாரக்கணக்காகக் கிடந்திருக்கிறேன். பெண்கள் கக்கூஸ் பக்கம் ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.