அணைக்காத கற்பூரம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946 சித்திரை மாதம். புதுக்கோட்டையில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் ஏறி அரிமளத்தில் இறங்கி, அங்கிருந்து இரண்டு மைல் நடந்து ஒரு சின்ன ஊருக்குப் போனேன். கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் என் சிநேகிதனின் சாமான்கள். இரண்டு சட்டை, ஒரு கம்பளி, அவன் ஆத்தா இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள் டப்பா. தூள் தீர்ந்து, அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் இறந்து கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த கேள்விக்குக்கூட எழுந்து நிற்க மாட்டேன். அந்தக் கூச்சம் ஒரு ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

எனக்குப் பொன்னமராவதிப் பக்கம். நானும் அவனும் புதுக்கோட்டையில் ஒரே மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தோம். யுத்த சமயத்தில், பட்டறை வேலை தெரிந்த பையன்களைப் பொறுக்கிச் சீமைக்கு அனுப்பி, அங்கே பாக்டரிகளில் வைத்துப் பழக்கினார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது.

அவன் அப்பா, கள்ளுக்கடையிலிருந்து வரும் வழியில் கிணற்றில் விழுந்து இறந்தவர். அதனால் மகன் கப்பல் ஏறும் முன், அவன் ஆத்தா ஊர்க் கருப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போய், போகிற இடத்தில் குடிக்கவே மாட்டேன் என்று கற்பூரம் அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கினார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணச் சத்தியம் இல்லை. மீறினாலும் கருப்பர் கேட்பார், பொய்யாக அணைத்தாலும் கேட்பார், குடும்பமே விளங்காது என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

சீமையில் எங்கள் பாக்டரி லண்டனுக்கு வெளியே ஒரு டவுனில் இருந்தது. போர்மேன் வயதான மனுஷர். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் ஒரு 'பப்'புக்குப் போய்ச் சாப்பிடுவார். எங்களையும் வாராவாரம் கூப்பிடுவார். அது மதுக்கடை என்று தெரிந்ததால் நான் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கு அந்தப் பயம் இல்லை. குடிக்கிறவன் குடிக்கட்டும், நாம சோத்தைத் தின்னுட்டு வருவோம் என்பான். ஒரு சனிக்கிழமை என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் நம் ஊர்க் கள்ளுக்கடையை மனதில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே வேறு மாதிரி இருந்தது. தலை இடிக்கிற மாதிரித் தாழ்ந்த மர உத்திரங்கள். கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகிப்போன மேஜைகள். தொப்பி வைத்த ஒரு கிழவி மூலையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு நாய் தூங்கியது. இரண்டு பேர் சுவரில் மாட்டிய பலகையில் சின்ன அம்பு எறிந்து விளையாடினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சாப்பாடு வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுபற்றி யாருக்கும் கவலை இல்லை. தினமும் ஆகாயத்திலிருந்து குண்டு விழுகிற ஊரில், மனுஷர்கள் அப்படி நிதானமாக உட்கார்ந்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முயல் கறியை மாவுக்குள் வைத்துச் சுட்டிருந்தார்கள். கூடவே அவித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், புளித்த காடியில் ஊறிய வெங்காயம். உப்பைத் தவிர காரம், மசாலா ஒன்றும் இல்லை. அவன் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"காட்டு முயலைப் பிடிச்சு, பல்லு மொளைக்காத புள்ளைக்கு ஊட்டுற மாதிரி வச்சிருக்காய்ங்களே" என்றான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். ஆத்தாவின் மிளகாய்த்தூள். எங்கே போனாலும் கொஞ்சம் மடித்து வைத்திருப்பான். போர்மேன் அது என்னவென்று கேட்டு, தானும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். அவர் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, இருமியதைப் பார்த்து அந்தக் கடையே சிரித்தது. அம்பு எறிந்தவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு வந்து முதுகில் தட்டினார்கள். இருமி முடித்ததும் அவர் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். கிழவியும் கையை நீட்டினாள். ஊரை விட்டு வந்த இத்தனை மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் போர்மேன் எல்லோருக்கும் பீர் சொன்னார். அங்கே அது ஒரு முறை. கூட உட்கார்ந்தவர்களுக்கு ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிக் கொடுப்பார்கள். சிநேகிதன் நேராகச் சொல்லிவிட்டான், தாயாருக்குச் சத்தியம் செய்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும் என்று. அவர் தலையாட்டிவிட்டு அவனுக்கு லெமனேட் வாங்கினார். அவ்வளவுதான் விஷயம். வேண்டாம் என்பது அத்தனை சுலபமாக இருந்தது. எனக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. சரி என்று தலையாட்டி வைத்தேன்.

ஒரு வாய் குடித்தேன். கசப்பு தொண்டையில் இறங்கவில்லை. கிளாஸ் அப்படியே இருந்தது. சர்க்கரையிலிருந்து சட்டைத்துணி வரை எல்லாம் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. பெரிய மனுஷர் வாங்கிக் கொடுத்ததை மீதி வைத்தால் என்ன நினைப்பாரோ என்று எனக்கு வியர்த்தது. போர்மேன் அம்பு எறிகிறவர்களிடம் எழுந்து போன நேரம் பார்த்து, அவனிடம் தமிழில் மெதுவாகச் சொன்னேன். நீ இதைக் குடித்துவிடேன், என் மானத்தைக் காப்பாற்று என்று.

அவன் கோபப்படவில்லை.

"ஆத்தா கேட்டா நீதான்டா பதில் சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்துக் காலிக் கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தான். போர்மேன் திரும்பி வந்து, கிளாஸைப் பார்த்து, என்னைப் பாராட்டினார்.

அந்தப் பாராட்டைக் கேட்டதும் எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. தபாலாபீஸ் மூடுவதற்குள் கடிதம் போட வேண்டும் என்று எழுந்துவிட்டேன். ஏதோ இனிப்பு வரப்போகிறதாம், அதையும் ஒரு கை பார்த்துவிட்டு வாரேன், நீ போ என்றான் சிநேகிதன். இரண்டு தெரு தாண்டியிருப்பேன். ஆகாயத்தில் ஆளில்லாமல் பறந்துவருகிற அந்தக் குண்டின் எஞ்சின் சத்தம் கேட்டது. சத்தம் கேட்கிற வரை பயம் இல்லை, நின்றால்தான் விழும் என்று எங்களுக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நின்றது. தெருவில் படுத்தேன்.

திரும்பி ஓடினபோது அந்தக் கடை இருந்த இடத்தில் செங்கல் குவியல்தான் இருந்தது. சாயங்காலம் வரை எடுத்தார்கள். அவனையும் எடுத்தார்கள். போர்மேனையும், கிழவியையும். நாய் மட்டும் எப்படியோ பிழைத்து, குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவனை அந்த ஊரிலேயே அடக்கம் செய்தோம்.

இனி அரிமளத்துப் பக்கத்தில் இருந்த அவன் ஊருக்கு வருகிறேன்.

சர்க்காரிலிருந்து அவன் வீட்டுக்கு இங்கிலீஷில் கடிதம் வந்திருந்தது. இறந்த இடம் அதில் இருந்தது. தெரிந்த ஒருவர் வாசித்து, குடிக்கிற கடையில் இருந்தபோது குண்டு விழுந்தது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அங்கே கிழவிகள் கம்பளி பின்னுவார்கள், முயல் கறி கிடைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை பங்காளிகள் எல்லோரும் கூடி, இறந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்து, ஆளுக்கு ஒரு இலை போட்டுப் படைப்பார்கள். கல்யாணம் ஆகாமல் செத்தவனுக்கு அந்த இலை ஒன்றுதான் மிச்சம். கருப்பருக்கு முன்னால் செய்த சத்தியத்தை மீறினவனுக்கு இலை கிடையாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷப் படைப்பு அவன் இலை இல்லாமலே நடந்து முடிந்திருந்தது. கூட இருந்தவன் வந்து சொல்லட்டும் என்று அவன் ஆத்தா எனக்காகக் காத்திருந்தார்.

பெட்டியைக் கொடுத்த அன்றைக்கே என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். இருபது பேர் இருக்கும். அவன் பெரியப்பா பொல்லாதவர் இல்லை. கள்ளுக்குத் தம்பியைப் பறிகொடுத்தவர்.

"தம்பி, நீங்க கூட இருந்தவங்க. அவன் குடிச்சானா, இல்லையா? இல்லேன்னு கற்பூரத்தை அணைச்சுடுங்க. இந்த வருசமே எலை போட்டுடுறோம்" என்றார்.

பின்னால் யாரோ ஒருவர், சீமைச் சரக்கு வாசனையே வராதாமே என்றார். ரெண்டு பேர் சிரித்தார்கள். பெரியப்பா திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

வெற்றிலையில் கற்பூரம் எரிந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அவன் குடித்தது என் கிளாஸ், என் வெட்கத்துக்காகக் குடித்தான் என்று சொல்லியிருக்கலாம். இருபது முகங்கள் என்னையே பார்த்தன. வாய் திறக்கவில்லை. பொய்யாகவாவது அணைத்துவிடுவோம் என்று கையை நீட்டினேன். சுடருக்கு மேலே கை இறங்காமல் நின்றது.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். அவன் ஆத்தா.

"வேணாம்ப்பா, அணைக்காத" என்றார். "ஒன்னையும் ஒருத்தி பெத்துத்தான அனுப்பியிருக்கா. எலை இல்லாட்டிப் போகட்டும்."

கற்பூரம் தானாக எரிந்து அடங்கும் வரை என் கையை அவர் விடவில்லை. அதிலிருந்தே எல்லோருக்கும் பதில் தெரிந்துவிட்டது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலில் நடந்தார். மற்றவர்களும் போனார்கள். அப்போதாவது நான் பேசியிருக்கலாம்.

ஆத்தா வீட்டுக்குக் கூட்டிப்போய் எனக்குச் சோறு போட்டார். என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. கடைசியா என்னப்பா சாப்பிட்டான், நல்லா இருந்துச்சா என்று மட்டும் கேட்டார். எல்லாம் சொன்னேன். தாழ்ந்த உத்திரம், நாய், முயல் கறி, காடி வெங்காயம். மிளகாய்த்தூளைத் தின்று போர்மேன் துரை இருமினதைச் சொன்னபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழத் தொடங்கிவிட்டார். இனிப்புக்காக உட்கார்ந்தான் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கிளாஸைச் சொல்லவில்லை.

அதன் பிறகு மூன்று தடவை அந்த ஊருக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போவேன். அவர் சோறு போட்டு, அந்த மிளகாய்த்தூள் கதையைச் சொல்லச் சொல்வார். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். நாலாவது தடவை போனபோது அவர் இல்லை. அவருக்கு இலை போட்டுப் படைத்தார்களாம். பக்கத்தில் மகனுக்கு இலை இல்லை.

ஆத்தா கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவன் சொன்னான். அந்த அம்மாள் என்னிடம் ஒரு நாளும் கேட்கவே இல்லை. ஆனாலும், கேட்காததால் நான் தப்பித்தேன் என்று இத்தனை வருஷத்தில் ஒரு ராத்திரிகூட நினைக்க முடிந்ததில்லை.