படிக்கட்டுக்கு அடியில் இருந்த பேட்டரி

சிட்லபாக்கம் ஏரித் தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்தது ஒரு மதிய வேளையில். மின்சாரத்தைக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். கட்டிலில் என் மனைவி. அவளுக்கு ஆக்சிஜன் தரும் மெஷின் இன்வர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. இன்வர்ட்டரின் பேட்டரி படிக்கட்டுக்கு அடியில். தண்ணீர் அதன் பாதிவரை ஏறிவிட்டது. தெருவில் ஆம்புலன்ஸ் வர வழியில்லை. பேட்டரி மூழ்கினால் அவள் மூச்சு என்னாகும்?

அந்த ஈய பேட்டரியைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். கடையில் லித்தியம் பேட்டரியும் இருந்தது. இரண்டிலும் அடங்கும் மின்சாரம் ஒன்றுதான். லித்தியத்துக்கு எடை மட்டும் நாலில் ஒரு பங்கு. ஒரு கிலோவுக்குள் எவ்வளவு மின்சாரத்தை அடைக்கலாம் என்று பார்த்தால் ஈயம்தான் கடைசி, சார்ஜ் செய்கிற பென்சில் செல்கூட அதற்கு மேல் என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவளோ பாத்திரக் கடையில் குக்கரைத் தூக்கிப் பார்ப்பதுபோல லித்தியத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே. கனமா இருக்கிறதையே குடுங்க" என்றாள். கடைக்காரரும் தலையாட்டினார். அவளிடம் பேசி நான் என்றைக்கு ஜெயித்தேன்?

மாடியில் குடியிருக்கும் ஐடி கம்பெனிக்காரர் இறங்கி ஓடி வந்தார். "சார், ஆன்ட்டிய மொதல்ல மேல கொண்டு போங்க. மெஷினையும் இன்வர்ட்டரையும் நான் எடுத்துக்கிறேன். பேட்டரிய ரெண்டு பேருமா தூக்கிடலாம்."

மெஷினை நிறுத்தினோம். அவளை நான் ஒருவனாகவே தூக்கிக்கொண்டு ஏறினேன். இந்த வயதிலும் எனக்கு மூச்சு வாங்கவில்லை; அவ்வளவு லேசாகிப் போயிருந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

பேட்டரிக்கு இரண்டு பேர் போதவில்லை. உள்ளே ஆசிட், சாய்க்கவும் கூடாது. படி திரும்பும் இடத்தில் ஈரக்கை வழுக்க, கீழே வைத்துவிட்டோம். மேலே அவள் மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "சார், விடாதீங்க, தூக்குங்க!" என்று அவர் கத்தினார். தூக்கினோம்.

ஒயர்களை மாட்டியதும் மெஷின் ஒருமுறை கத்திவிட்டு ஓட ஆரம்பித்தது. அவள் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள்: "என்னைத் தூக்கிட்டு வர ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?"

"பின்ன? இடுப்பே போச்சு" என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.